பொம்மிடி பிளாட்பாரத்தில் தொடங்கும் ஆங்கிலம்!

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிப் போகும் ரயில் பாதையில், சேர்வராயன் மலையை ஒட்டி வளைந்து வந்ததும் வரும் ஊர் பொம்மிடி. தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டம். 1856 ஜூலை 1-ல் சென்னை ராயபுரத்தில் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை, 1860-களின் தொடக்கத்தில் சேலத்தை எட்டியது. தண்டவாளத்தோடு சேர்ந்து இன்னொன்றும் இந்த ஊர்களுக்குள் வந்து இறங்கியது. அதுதான் ஆங்கிலச் சொற்கள்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிகூட இந்த ஸ்டேஷனில் நின்று பேரனிடம் இப்படிச் சொல்வார்: ‘டிக்கெட் எடுத்தாச்சா? டிரெயின் லேட்டாம். ரெண்டாவது பிளாட்பாரத்துக்கு வருதாம். லக்கேஜைப் பத்திரமா வச்சுக்கோ.’

எண்ணிப் பாருங்கள். நான்கு சிறிய வாக்கியங்களில் ஐந்து ஆங்கிலச் சொற்கள். ஒன்றைக்கூட அவர் மனப்பாடம் செய்யவில்லை. தேவைப்பட்டது, காதில் விழுந்தது, வாயில் ஒட்டிக்கொண்டது.

அதே ஊரிலிருந்து பட்டப்படிப்பு முடித்துவிட்டு பெங்களூருவுக்கோ ஓசூருக்கோ வேலை தேடிப் போகிறார் ஒரு பிள்ளை. நேர்முகத் தேர்வில் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்று கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்தான். தேர்விலும் தேறியவர்தான். ஆனாலும் நான்கு வாக்கியம் கோவையாக வருவதில்லை.

இது ஒருவருடைய குறை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். தருமபுரி மாவட்டத்தில் அது 68.5 சதவீதம்தான். மாநிலத்திலேயே கடைசி இடம். அதாவது, இங்கே படிக்கிற பல பிள்ளைகள் அவர்கள் வீட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். வீட்டில் ஆங்கிலத்தில் பேச ஆள் கிடையாது. தப்பாகப் பேசினால் திருத்தவும் ஆள் கிடையாது. சிரிக்கத்தான் ஆள் உண்டு.

1968 முதல் தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளும் பரவலாக வந்துவிட்டன. பாடம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. பேச்சு மட்டும் வரவில்லை என்றால், எங்கிருந்து தொடங்குவது?

தெரிந்த இடத்திலிருந்துதான். பிளாட்பாரத்திலிருந்தே தொடங்கலாம்.

ரயில் வேறு, டிரெயின் வேறு

‘ரயில் வருது’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ரெயில்’ என்றால் தண்டவாளம். அதன் மேல் ஓடி வருவது ‘டிரெயின்’. தண்டவாளத்தின் பெயரை வண்டிக்கு வைத்துவிட்டோம்! தமிழில் அது தப்பே இல்லை. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் ‘தி டிரெயின் ஈஸ் கமிங்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘எந்த போகி?’ என்று கேட்கிறோம். இந்தியா முழுக்க இது புரியும். ஆனால் ஆங்கிலத்தில் ‘போகி’ என்பது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம். நாம் ஏறி உட்காரும் பெட்டி ‘கோச்’. டிக்கெட்டிலும் கோச் என்றுதான் இருக்கும்.

சாலையோர நடைமேடையையும் நாம் பிளாட்பாரம் என்கிறோம். ஆங்கிலத்தில் ‘பிளாட்ஃபார்ம்’ ரயில் நிலையத்துக்கு மட்டும். தெருவோரத்தில் இருப்பது ‘பேவ்மென்ட்’. அமெரிக்காவில் அதுவே ‘சைட்வாக்’.

‘ஸ்டேஷனுக்குப் போனேன்’ என்றால் பொம்மிடியில் ரயிலடி. வேறு சில ஊர்களில் ‘ஏன், என்ன கேஸ்?’ என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் ‘ரெயில்வே ஸ்டேஷன்’, ‘போலீஸ் ஸ்டேஷன்’ என்று முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது.

கடைசிப் பெட்டியில் கொடி காட்டுபவரை ‘கார்டு’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். 2022 ஜனவரியில் ரயில்வே அந்தப் பதவியின் பெயரை ‘டிரெயின் மேனேஜர்’ என்று மாற்றிவிட்டது. ஆங்கிலத்திலும் பழைய சொல் கழிந்து புதிய சொல் புகுகிறது.

டிக்கெட்டில் ‘ஆர்ஏசி’ என்று வந்தால் என்ன? ‘ரிசர்வேஷன் அகெய்ன்ஸ்ட் கேன்சலேஷன்’ என்பதன் சுருக்கம். யாராவது ரத்து செய்தால் உங்களுக்குப் படுக்கை. அதுவரை உட்கார இடம் உண்டு, வண்டியில் ஏறலாம். ‘வெயிட்டிங் லிஸ்ட்’ அப்படியில்லை. இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட், சார்ட் தயாரான பிறகும் உறுதியாகவில்லை என்றால் தானாகவே ரத்தாகிவிடும். இந்த இரண்டு சொற்களின் வித்தியாசம் தெரியாமல் குடும்பத்தோடு பெட்டி படுக்கையுடன் வந்து நிற்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

‘பண்ணு’வைக் கழற்றினால் ஆங்கிலம்

புக் பண்ணு, கேன்சல் பண்ணு, வெயிட் பண்ணு, கன்ஃபார்ம் பண்ணு, ரீசார்ஜ் பண்ணு, டெலிட் பண்ணு, ஃபார்வர்டு பண்ணு, ஹெல்ப் பண்ணு, டிரை பண்ணு, மிஸ் பண்ணு...

ஒரு நாளில் எத்தனை முறை ‘பண்ணு’ சொல்கிறோம்! தமிழுக்குள் வரும் ஆங்கில வினைச்சொல் எதுவானாலும் அதற்கு ஒரு ‘பண்ணு’வை மாட்டிவிடுகிறோம். ஒரு நாள் முழுக்க உங்கள் வீட்டில் விழும் ‘பண்ணு’க்களைக் குறித்து வையுங்கள். ஐம்பதைத் தாண்டினாலும் வியப்பில்லை. அத்தனையும் உங்களுக்கு ஏற்கெனவே பொருள் தெரிந்த ஆங்கில வினைச்சொற்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ‘பண்ணு’வைக் கழற்றிவிட்டு, யார் செய்தார்கள் என்பதை முன்னால் வையுங்கள்.

‘டிக்கெட் புக் பண்ணிட்டேன்’ – ஐ புக்டு தி டிக்கெட்.

‘டிரெயினை மிஸ் பண்ணிட்டேன்’ – ஐ மிஸ்டு தி டிரெயின்.

‘அண்ணன் வெயிட் பண்றாரு’ – மை பிரதர் ஈஸ் வெயிட்டிங்.

‘மெசேஜை டெலிட் பண்ணாதே’ – டோன்ட் டெலிட் தி மெசேஜ்.

பலர் தடுமாறுவது, ‘பண்ணு’வையும் மொழிபெயர்க்கப் பார்ப்பதால்தான். ‘ஐ டிட் புக்கிங்’, ‘ஹி ஈஸ் டூயிங் வெயிட்டிங்’ என்று வாக்கியம் நொண்டுகிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு ‘பண்ணு’ தேவையில்லை. அது தானே நடக்கும்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும்: நான் டீ குடித்தேன். ஆங்கிலத்தில் அது நடுவில் வரும்: ஐ டிராங்க் டீ. யார், என்ன செய்தார், எதை. இந்த வரிசை ஒன்று பிடிபட்டாலே சின்னச் சின்ன வாக்கியங்கள் தானாக அமையும்.

‘ங்க’ எங்கே போயிற்று?

‘தண்ணி குடுங்க.’ இதில் மரியாதை எங்கே இருக்கிறது? கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ங்க’வில். தருமபுரி, சேலம் பக்கம் அந்த ‘ங்க’ இல்லாமல் பெரியவர்களிடம் பேசிவிட முடியுமா?

ஆங்கில வினைச்சொல்லுக்கு இப்படி ஒரு வால் கிடையாது. ‘கிவ் வாட்டர்’ என்றால் ‘தண்ணி குடு’ என்று அதட்டுவதுபோல் விழும். சொன்னவர் மனதில் ‘குடுங்க’தான் இருக்கும். கேட்டவர் காதில் ‘குடு’ என்று விழும். வெளியூரில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளை ‘முரடன்’ என்று சிலர் தவறாக நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘ங்க’வின் வேலையை ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் செய்கின்றன: ‘ப்ளீஸ்’, ‘குட் யூ’, ‘குட் ஐ’.

‘தண்ணி குடுங்க’ – குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?

‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ – குட் யூ மூவ் ஓவர் எ லிட்டில்?

‘திருப்பிச் சொல்லுங்க’ – குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?

இந்த மூன்றாவது வாக்கியம் தங்கம். புரியவில்லை என்றால் தலையாட்டிவிட்டு வருவதைவிட, இதைக் கேட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

நாம் தினமும் சொல்லும் சில ஆங்கிலச் சொற்கள் இங்கே வந்து வேறு வேலைக்குச் சேர்ந்துவிட்டன.

கவர்: கடையில் ‘ஒரு கவர் குடுங்க’ என்று கேட்பது பையை. ஆங்கிலத்தில் அது ‘பேக்’ அல்லது ‘கேரி பேக்’. ‘கவர்’ என்றால் மூடி, உறை.

கரண்ட்: ‘கரண்ட் போச்சு’ என்பதை ‘தேர் ஈஸ் எ பவர் கட்’ அல்லது ‘தி பவர் ஈஸ் அவுட்’ என்று சொல்ல வேண்டும்.

ஹோட்டல்: இட்லி சாப்பிடப் போகும் இடம் ‘ரெஸ்டாரன்ட்’. ‘ஹோட்டல்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது தங்கும் விடுதி.

செராக்ஸ்: அது ஒரு நிறுவனத்தின் பெயர். ‘ஐ நீட் எ ஃபோட்டோகாப்பி’ என்றால் உலகம் முழுக்கப் புரியும்.

ஸ்டெப்னி: மாற்றுச் சக்கரம். இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டின் லானெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. அங்கிருந்த நிறுவனம் செய்து விற்ற சக்கரத்துக்கு அந்தத் தெருவின் பெயர். இப்போது ‘ஸ்பேர் வீல்’ என்று சொன்னால்தான் மற்ற நாட்டினருக்குப் புரியும். ஸ்டெப்னி நம் மெக்கானிக் கடைகளில் நிலைத்துவிட்டது.

அவுட் ஆஃப் ஸ்டேஷன்: ‘அவர் ஊரில் இல்லை’ என்பதற்கு நாம் சொல்வது. வெளிநாட்டவரிடம் ‘ஹி ஈஸ் அவுட் ஆஃப் டவுன்’ என்று சொல்லலாம்.

இவற்றையெல்லாம் ‘தப்பான ஆங்கிலம்’ என்று ஒதுக்க வேண்டியதில்லை. உள்ளூரில் இவை செல்லுபடியாகும் காசு. வெளியூர் போகும்போது மாற்றிக்கொண்டால் போதும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. தமிழில் ஒரே வினை, ஆங்கிலத்தில் பல. ‘சோறு சாப்பிட்டேன், காபி சாப்பிட்டேன், மாத்திரை சாப்பிட்டேன்’ என்கிறோம். ஆங்கிலத்தில் சோற்றுக்கு ‘ஈட்’, காபிக்கு ‘டிரிங்க்’, மாத்திரைக்கு ‘டேக்’. ‘லைட்டைப் போடு’ என்பதற்கு ‘புட்’ வராது. ‘டர்ன் ஆன்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆன்’. ‘கடன் வாங்கினேன்’ என்றால் ‘பாரோ’, ‘கடன் கொடுத்தேன்’ என்றால் ‘லெண்ட்’. பணம் போகிற திசையையே மாற்றிவிடும் சொற்கள் என்பதால், இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆஸ்பத்திரியில் உயிர்காக்கும் சொற்கள்

‘எனக்கு பிபி இருக்கு, சுகர் இருக்கு’ என்று இங்கே சொன்னால் மருத்துவருக்குப் புரியும். யோசித்தால், பிபி என்பது ரத்த அழுத்தம். அது எல்லோருக்கும் இருக்க வேண்டும்! வெளிமாநில மருத்துவமனையில் ‘ஐ ஹேவ் ஹை பிளட் பிரஷர்’, ‘ஐ ஹேவ் டயபடீஸ்’ என்று சொல்லிப் பழகுங்கள். சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாது என்றால், ‘ஐ ஆம் அலர்ஜிக் டு’ என்று தொடங்கி அந்த மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய வாக்கியம் இது.

வலியைச் சொல்ல தமிழில் எத்தனை சொற்கள்! குத்துது, எரியுது, கடுக்குது, விண்விண்ணுனு தெறிக்குது. ஆங்கிலத்திலும் தனித்தனிச் சொற்கள் உண்டு. குத்தல் ‘ஸ்டாபிங்’, எரிச்சல் ‘பர்னிங்’, விண்விண் ‘த்ராபிங்’, மந்தமான வலி ‘டல் பெயின்’, வீக்கம் ‘ஸ்வெல்லிங்’, அரிப்பு ‘இட்ச்சிங்’, தலைசுற்றல் ‘டிஸினஸ்’. எந்த மாதிரி வலி, எப்போதிலிருந்து என்ற இரண்டையும் சொன்னாலே மருத்துவரின் வேலை பாதி எளிதாகிவிடும். நேற்றிலிருந்து என்பதற்கு ‘சின்ஸ் எஸ்டர்டே’, மூன்று நாளாக என்பதற்கு ‘ஃபார் த்ரீ டேஸ்’.

மருந்துச் சீட்டில் வரும் எழுத்துகள் ஆங்கிலம் என்று நினைக்கிறோம். அவற்றில் பல லத்தீன் மொழிச் சுருக்கங்கள். ‘ஓடி’ என்றால் ஒரு நாளைக்கு ஒரு முறை. ‘பிடி’ என்றால் இரண்டு முறை. ‘டிடிஎஸ்’ என்றால் மூன்று முறை. ‘ஹெச்எஸ்’ என்றால் படுக்கப் போகும் முன். ‘எஸ்ஓஎஸ்’ என்றால் தேவைப்பட்டால் மட்டும். ‘1-0-1’ என்று எழுதியிருந்தால் காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. சந்தேகம் இருந்தால் ஊகிக்க வேண்டாம். மருந்துக் கடையிலோ மருத்துவரிடமோ கேட்டுவிடுங்கள்.

மாத்திரை அட்டையில் ‘எக்ஸ்பைரி’ என்பது காலாவதி தேதி. அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைச் சாப்பிடக் கூடாது. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்காக மத்திய அரசு 2016-ல் இதற்கென விழிப்புணர்வு இயக்கமே நடத்தியது.

பணத்தைக் காக்கும் சொற்கள்

வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. அதில் ‘கிரெடிட்டட்’ என்று இருந்தால் உங்கள் கணக்குக்குப் பணம் வந்திருக்கிறது. ‘டெபிட்டட்’ என்று இருந்தால் போயிருக்கிறது. ‘பெண்டிங்’ என்றால் இன்னும் முடியவில்லை. ‘ஃபெயில்டு’ என்றால் நடக்கவில்லை. ‘ரிஃபண்ட்’ என்றால் திரும்பி வருகிறது.

இந்த ஐந்து சொற்கள் வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நூறு நாள் வேலைக் கூலியும், உதவித்தொகையும், பால் பணமும் வங்கிக் கணக்கில் வந்து விழுகிற காலம் இது. ‘உங்களுக்குப் பணம் அனுப்புகிறோம், பின் நம்பரைப் போடுங்கள்’ என்று யாராவது போனில் சொன்னால், அது மோசடி. செல்போன் வழியாகப் பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை. அனுப்புவதற்கு மட்டும்தான் அது தேவை. திரையில் ‘பே’ என்ற சொல் தெரிந்தால், பணம் கொடுக்கப்போவது நீங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

செயலி ஒன்று ‘அலவ்’, ‘டினை’ என்று கேட்கிறதா? ‘அலவ்’ என்றால் அனுமதி, ‘டினை’ என்றால் மறுப்பு. எதற்கு அனுமதி கேட்கிறது என்று மேலே ஒரு வரி இருக்கும். அதை எழுத்துக்கூட்டியாவது படித்துவிட்டு அழுத்துங்கள். பாட்டுக் கேட்கும் செயலிக்கு உங்கள் ‘காண்டாக்ட்ஸ்’ எதற்கு?

கோட் எது, கோட் எது?

தமிழ் எழுத்தில் ‘கோட்’ என்று எழுதினால் அது குளிருக்குப் போடும் மேலங்கியா, புல் மேயும் ஆடா? எழுத்து சொல்லாது. ‘பேக்’ என்பது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? அதுவும் தெரியாது. தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப வல்லோசையாகவும் மெல்லியதாகவும் ஒலிக்கும். பாட்டு என்பதில் ஒரு ஒலி, அன்பு என்பதில் வேறு ஒலி. எழுத்து ஒன்றுதான். ஆங்கிலத்தில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து.

இதற்கு ஒரு எளிய வழி. தொண்டையில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். ‘அன்பு’ என்பதில் வரும் ‘பு’வைச் சொல்லும்போது தொண்டை அதிரும். ‘பாட்டு’ என்பதில் வரும் ‘பா’வைச் சொல்லும்போது தொடக்கத்தில் அதிராது. ‘தங்கம்’, ‘கண்’ இரண்டிலும் வரும் ‘க’வையும் சொல்லிப் பாருங்கள். அதிர்ந்தால் ஆடு, அதிராவிட்டால் மேலங்கி!

இன்னொன்று, ‘ஃப’ ஒலி. மேல் பல் கீழ் உதட்டை லேசாகத் தொட வேண்டும். இல்லையென்றால் ‘ஃபேன் போடுங்க’ என்பது ‘பேன் போடுங்க’ என்றாகி, கேட்பவர் தலையைச் சொறிவார். ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’ என்று முன்னால் ஒரு ‘இ’ சேராமல் பார்த்துக்கொள்வதும் பழக்கத்தில் வந்துவிடும்.

நம்முடைய தமிழ் வாடை முற்றிலும் போக வேண்டுமா? வேண்டவே வேண்டாம். ஜெர்மானியர் பேசும் ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை, ஜப்பானியர் பேசுவதில் ஜப்பான் வாடை. புரிகிறதா என்பதே கேள்வி.

வெற்றிலையும் போய்ச் சேர்ந்தது

பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரம் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பேர்போனது. அந்த வெற்றிலைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? ‘பீட்டல்’. அது வேறெதுவும் இல்லை, நம் வெற்றிலையேதான். தமிழ், மலையாளச் சொல்லைக் கடலோரத்தில் கேட்ட போர்ச்சுகீசியர் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு போனார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள்.

மாங்காய் ‘மேங்கோ’ ஆனதும் இதே வழியில்தான். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது. சுருட்டு ‘செரூட்’ ஆனது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ என்ற சூப்பாக மாறி லண்டன் மேசைக்குப் போனது. இப்படி இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொற்களைத் திரட்டி, ஹென்றி யூல், ஏ.சி.பர்னல் என்ற இருவர் 1886-ல் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற தடிமனான அகராதியையே வெளியிட்டார்கள். 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ‘ஐயோ’வும் இடம்பிடித்துவிட்டது.

நாமும் சும்மா இருக்கவில்லை. சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை எல்லாம் போர்ச்சுகீசியச் சொற்கள். இன்று அவற்றை அந்நியம் என்று யாராவது நினைக்கிறோமா? எந்த மொழியும் கொடுக்காமல் வாங்காமல் வாழ்ந்ததில்லை. ஆகவே ஆங்கிலச் சொல் ஒன்றைக் கற்பதில் கூச்சத்துக்கும் இடமில்லை, கர்வத்துக்கும் இடமில்லை.

எத்தனை சொல் போதும்?

ஆங்கில அகராதியைத் திறந்தால் லட்சக்கணக்கில் சொற்கள். மலைப்பாக இருக்கும். ஆனால் அன்றாடப் புழக்கத்துக்கு அவ்வளவும் தேவையில்லை.

1930-ல் இங்கிலாந்தின் சி.கே.ஆக்டன், 850 சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்து ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று ஒரு முறையை வகுத்தார். மைக்கேல் வெஸ்ட் என்ற இன்னொரு ஆங்கிலேயர், அன்றைய வங்காளத்தின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலப் பாடம் படிக்கத் திணறுவதைப் பார்த்து, அடிக்கடி வரும் சொற்களை முதலில் கற்பிக்கும் பாடநூல்களை உருவாக்கினார். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடும். உலகம் முழுக்க ஆங்கிலம் கற்பிக்கப் பயன்பட்ட அந்தப் பட்டியலின் விதை, நம்மைப் போன்ற பிள்ளைகளின் வகுப்பறையில் விழுந்தது.

அமெரிக்காவின் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலி, 1959-ல் சுமார் 1,500 சொற்களை மட்டும் வைத்து, மெதுவாகச் செய்தி வாசிக்கும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. உலகச் செய்தியையே 1,500 சொற்களில் சொல்லிவிட முடிகிறது என்றால், நம் வீட்டுக் கதையைச் சொல்ல முடியாதா?

ஒரு நாளைக்கு ஐந்து சொல். ஆண்டுக்கு 1,825. அதில் முந்நூறு, நானூறு ஏற்கெனவே உங்கள் பேச்சில் ‘பண்ணு’வோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

மறக்காமல் இருக்க

1885-லேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர், மனிதர் படித்ததை எவ்வளவு வேகமாக மறக்கிறார் என்று தன்னையே வைத்துச் சோதித்து எழுதினார். படித்த முதல் நாளிலேயே பெரும்பகுதி நழுவிவிடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது. ஆகவே இன்று படித்த ஐந்து சொல்லை நாளை ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை பாருங்கள்.

சொல்லைத் தனியாக எழுதி வைக்காதீர்கள். வாக்கியமாக எழுதுங்கள். ‘டிலே – தாமதம்’ என்று எழுதினால் மறந்துபோகும். ‘தி டிரெயின் ஈஸ் டிலேடு பை ட்வென்டி மினிட்ஸ்’ என்று எழுதினால் ஸ்டேஷனில் நிற்கும் போதெல்லாம் நினைவுக்கு வரும்.

ஒரு நாள் ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளலாம். திங்கள் சமையலறை, செவ்வாய் பேருந்து, புதன் வங்கி, வியாழன் மருந்துக்கடை, வெள்ளி வயல், சனி சந்தை. ஞாயிறு புதிய சொல் வேண்டாம். பழையதைப் பேசிப் பாருங்கள். வயல் நாளில் களை ‘வீட்’, விதை ‘சீட்’, உரம் ‘ஃபெர்ட்டிலைசர்’, அறுவடை ‘ஹார்வெஸ்ட்’, மஞ்சள் ‘டர்மரிக்’, மரவள்ளி ‘டாபியோகா’. விவசாயி வீட்டுப் பிள்ளை நேர்முகத் தேர்வில் தன்னைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல சொற்கள் வேண்டுமா? ‘மை ஃபாதர் ஈஸ் எ ஃபார்மர். வி க்ரோ டர்மரிக் அண்ட் டாபியோகா. ஐ ஹெல்ப் ஹிம் டியூரிங் தி ஹார்வெஸ்ட்.’ மனப்பாடம் செய்த பெரிய பெரிய வாக்கியங்களைவிட இந்த மூன்று வரி உண்மையானது. கேட்பவருக்கு அது தெரியும்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். குழந்தை தமிழ் பேசத் தொடங்கியபோது ‘தண்ணி’யைத் ‘தன்னி’ என்றது; நாம் தண்ணீர் கொடுத்தோம், இலக்கணம் சொல்லவில்லை. அதே பொறுமையை ஆங்கிலத்துக்கும் கொடுத்தால் போதும். அம்மாவும் சேர்ந்து ஐந்து சொல் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. மருந்துச் சீட்டும் வங்கிச் செய்தியும் அவர் கைக்குத்தானே முதலில் வருகின்றன!

ஆங்கிலம் அறிவின் அளவுகோல் அல்ல. அது ஒரு சாவி. வேலை, மருத்துவம், வங்கி, பயணம் என்று சில கதவுகள் அந்தச் சாவிக்குத்தான் இன்று திறக்கின்றன. சாவியில் பாதி ஏற்கெனவே நம் இடுப்பு முடிச்சில் இருக்கிறது. மீதியை இன்றைக்கு ஐந்து சொல்லாகச் சேர்க்கத் தொடங்கலாம்.